சீனத் தட்டு வாங்கி விற்றுப் பார்த்த ஆறு மாதம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையைச் சுற்றுவது பினாங்குக்காரனான எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். தட்டு வாங்கி விற்கலாம் என்று கிளம்பியது மட்டும் இந்த வருஷம்தான். இதுவரை 14 தட்டு வாங்க 610 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போனது, 5 தட்டு விற்று 395 வெள்ளி வந்தது. மீதி 9 தட்டும் வீட்டில் இருக்கின்றன, அம்மாவுக்கு ஏக எரிச்சல்.

முதல் தட்டிலேயே நன்றாக ஏமாந்தேன். நீலமும் வெள்ளையுமாக டிராகன் போட்ட தட்டு, அடியில் ஆறு சீன எழுத்து, இருநூறு வருஷப் பழசு என்று சொல்லி 120 வெள்ளி வாங்கிவிட்டார்கள். கூட வேலை செய்யும் சீன நண்பர் படித்துச் சொன்னார், வலது பக்கம் மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டுமாம்: மகா சிங் வம்சம், சியன்லோங் ஆண்டுகளில் செய்தது. சியன்லோங் ராஜாவின் காலம் 1736 முதல் 1795 வரை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, முந்தைய ராஜா பேரை அடியில் எழுதுவது அங்கே பழைய வழக்கமே, 1662இல் தொடங்கிய காங்ஷி ராஜா காலத்துச் சாமான்களிலேயே இருநூறு வருஷம் முந்தைய மிங் ராஜாக்கள் பேர் இருக்கிறது. பேரை வைத்து வயது சொல்ல முடியாது. நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தால் டிராகன் முழுக்கப் பொடிப் பொடிப் புள்ளிகள், பத்திரிகைப் படம் மாதிரி. கையால் வரைந்திருந்தால் தூரிகை நின்ற இடத்தில் நீலம் தேங்கிக் கறுத்திருக்கும். சுவரில் மாட்டுகிற தட்டு என்று உண்மையைச் சொல்லி 25 வெள்ளிக்குத் தள்ளிவிட்டேன்.

அடுத்து வாங்கியதை ஒரு பழைய சாமான் கடைத் தவுக்கேயிடம் (சீன முதலாளியிடம்) கொண்டுபோய்க் காட்டினேன். மனுஷர் கவிழ்த்துப் பிடித்து, மேல்பூச்சு இல்லாத அடி வளையத்தில் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவிவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். படத்தைப் பார்க்கவே இல்லை! "வீட்டுக்குப் போய் சோப்பு போட்டுக் கழுவு தம்பி" என்றார். கழுவினேன், அடியில் இருந்த பழுப்பெல்லாம் சிங்க்கில் ஓடிவிட்டது. பழசில் அந்த வளையத்தில் சூளை மணல் ஒட்டியிருக்கும், பூச்சு முடிகிற ஓரத்தில் மெல்லிய செம்பழுப்புக் கோடு ஓடும், தேய்மானம் ஓரிடத்தில் கூட ஓரிடத்தில் குறைய இருக்கும். பூசின அழுக்கு எல்லாக் குழியிலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும்.

ஆங்கில எழுத்து இருந்தால் வேலை இன்னும் சுலபம். எந்த நாட்டுச் சரக்கு என்று எழுதச் சொல்லி அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது, அதனால் 'சைனா' என்று அச்சடித்த தட்டு அதற்கு முந்தையதாக இருப்பது அபூர்வம். 'மேட் இன் சைனா' என்றால் 20ஆம் நூற்றாண்டோ அதற்கும் பிந்தையதோ. சுருக்கிய சீன எழுத்தில் ஜிங்டெஜென் (பீங்கானுக்குப் பேர்போன சீன ஊர்) என்று சிவப்பு முத்திரை இருந்தால் அந்த எளிய எழுத்து முறை வந்த 1950களுக்கும் பிந்தையது. 1980களில் பெட்டி, சான்றிதழ், வரிசை எண்ணோடு வெளிநாடுகளுக்குப் போன அழகிகள் படத் தட்டுகளும் ஜிங்டெஜென்தான். என்னிடம் இரண்டு இருக்கின்றன, பெட்டி இல்லாததால் சீந்த ஆளில்லை.

லாபம் தந்தது ஒரு முரட்டுத் தட்டு. சீனாவின் ஃபூஜியன் மாகாணப் பக்கத்து அன்றாடச் சாமான், கலங்கிய நீலம், அடியெல்லாம் மணல். 35 வெள்ளிக்கு வாங்கி 140க்கு விற்றேன். 300 கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 1822இல் மூழ்கிய தேக் சிங் கப்பலிலிருந்து இதே ரகச் சாமான் மூன்றரை லட்சம் எடுத்து 2000இல் ஜெர்மனியில் ஏலம் விட்டிருக்கிறார்கள். இருநூறு வருஷப் பழசே அவ்வளவு கிடக்கும்போது வயதுக்காக யார் கொட்டிக் கொடுப்பார்கள்? இப்போதெல்லாம் ஈபேயில் கேட்கிற விலையைப் பார்ப்பதில்லை, விற்று முடிந்த விலையை மட்டும் பார்க்கிறேன்.

ஞோஞா தட்டு, அதாவது இங்கே தலைமுறைகளாக வாழும் பெரனாக்கான் சீனர் வீட்டுத் தட்டு, அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை. இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஃபீனிக்ஸ் பறவை போட்ட அதற்கு இங்கே நல்ல கிராக்கி, அதனாலேயே போலியும் எக்கச்சக்கம்.

போன வாரம் வாங்கியது 45 வெள்ளி. நகத்தால் தட்டினால் கணீரென்று வராமல் டொக்கென்கிறது, எங்கோ மயிரிழை விரிசல் இருக்க வேண்டும். லென்ஸில் சிக்கவில்லை, புற ஊதா டார்ச் வாங்கியிருக்கிறேன், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.