அண்ணா என்று கூப்பிட்டவர்

கம்பெனி ஊழியரை விசாரிக்கும் முன் நான் சொல்லும் அந்த எச்சரிக்கையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் கம்பெனியின் வக்கீல், உங்கள் வக்கீல் இல்லை. நாம் பேசுவது ரகசியம், ஆனால் அந்த ரகசியம் கம்பெனிக்குச் சொந்தம். அவர்கள் நினைத்தால் உங்களைக் கேட்காமலே அரசாங்கத்திடம் கொடுத்துவிடலாம். 1981-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அப்ஜான் வழக்கின் பெயரில்தான் இது இன்றும் வழங்குகிறது.

அன்றும் ஆங்கிலத்தில் வரி பிசகாமல் சொன்னேன். எதிரே இருந்தவர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர், டேட்டா திருடு போன இரவில் வந்த அலர்ட்டைப் பொய் எச்சரிக்கை என்று குறித்து டிக்கெட்டை, அதாவது அந்தப் பிரச்சினையின் பதிவை, மூடியவர். தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் சட்டென்று தமிழில், "அண்ணா, அப்போ நான் தனியா ஒரு வக்கீல் வச்சுக்கணுமா?"

ஜூனியரின் டைப்பிங் நின்றது. நான் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன்: அதைப் பற்றி என்னால் ஆலோசனை தர முடியாது, அது உங்கள் முடிவு.

சரியான பதில்தான். எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அமெரிக்க பார் அசோசியேஷனின் மாதிரி விதி 4.3-ஐ அன்று ராத்திரி திரும்ப எடுத்துப் படித்தேன். நம் கட்சிக்காரரோடு நலன் மோதக்கூடிய ஒருவர் வக்கீல் இல்லாமல் வந்தால் அவருக்குச் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, ஒன்றே ஒன்றைத் தவிர: ஒரு வக்கீலைப் பாருங்கள் என்பது. சொல்ல அனுமதி இருந்த ஒரே விஷயத்தைத்தான் அவர் கேட்டார். அதைத்தான் 'என்னால் முடியாது' என்றேன்.

சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். பாதிப்பு பெரியது என்று கம்பெனி முடிவு செய்துவிட்டால் நாலு வேலை நாளுக்குள் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசியிடம் அறிவிக்க வேண்டும், 2023-இல் வந்த விதி. என்ன நடந்தது என்று தெரியாமல் எதை அறிவிப்பது? எனக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. அவர் ஒன்றும் சின்னப்பிள்ளை இல்லை. 2016-இல் நடந்த ஊடுருவலை மறைத்ததற்காக ஊபரின் முன்னாள் பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவன் குற்றவாளி என்று 2022-இல் தீர்ப்பு வந்ததிலிருந்து அந்தத் துறையில் எல்லோருக்கும் உள்ளூர பயம் உண்டு. பயந்துதானே கேட்டார்?

பயந்தவர் பேசாமல் இருந்திருக்கலாம். பேசினார். டிக்கெட்டை மூடச் சொன்னது மேலாளர், போனில், எழுத்தில் எதுவும் இல்லை. பிறகு மேலாளர் மறுத்தார், கம்பெனி அரசாங்கத்தோடு ஒத்துழைக்க முடிவெடுத்தது, பேட்டிச் சுருக்கமும் போனது, அப்புறம் பொறியாளரின் வேலையும் போனது. வக்கீல் வைத்திருந்தால் மட்டும் வேலை தங்கியிருக்குமா? தெரியாது. அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதி, அது தெரியும்.

இப்போது எச்சரிக்கையைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், புரிந்ததா என்று இரண்டு தடவை கேட்கிறேன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைப் போன மாதம்கூடச் சொல்லவில்லை.

ஜூனியரின் குறிப்பில், சாட்சி வேறு மொழியில் ஏதோ கேட்டார் என்று போட்டு இடம் விட்டிருந்தது. நான்தான் நிரப்பினேன்: தனக்குத் தனி வக்கீல் தேவையா என்று கேட்டார். அண்ணாவை விட்டுவிட்டேன். அதை ஆங்கிலத்தில் என்னவென்று எழுதுவது?