பழைய போன் வாங்கப் போகிறவர்களுக்கு

ஆன்லைன் விளம்பரம் பார்த்துப் பழைய போன் வாங்கும் நண்பர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரியிடம் வாங்குபவருக்குத்தான் துணை நிற்கும். தான் பயன்படுத்திய போனை விற்கும் தனிமனிதர் அதற்குள் வரமாட்டார். விளம்பரம் போட இடம் கொடுக்கும் தளமும் பெரும்பாலும் பணத்துக்குப் பொறுப்பேற்காது. ஆகவே பணம் கைமாறும் முன் நாம் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

போனைக் கையில் வாங்கியதும் *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும்; அது அந்தப் போனின் தனி அடையாள எண். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். திருட்டுப் போன் என்றால் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விடும். கொடுத்த காசு போனதுதான். ஐபோன் என்றால், விற்பவரையே தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, ரீசெட் செய்து, உங்கள் கண்முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

"ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, அட்வான்ஸ் போடுங்கள், கூரியரில் அனுப்புகிறேன்" என்பவரிடம் பேச்சையே வளர்க்க வேண்டாம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் இப்படிப் போவதைக் கேட்டால் மனசு ஆறுவதில்லை.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். மோசடிக்காரர் எடுப்பதற்குள் அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. கடை வைத்து விற்றவர் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் புகார் சொல்லலாம்.