மார்ச் 31க்குள்ள: எங்க டிரஸ்ட் ஆபீஸ் நாட்குறிப்பு

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

இன்னைக்கு டிரஸ்டி மீட்டிங். 7 பேர்ல 5 பேர் வந்தாங்க. கும்பகோணத்தச் சுத்தி 3 ஊர்ல சாயங்கால படிப்பு மையம் நடத்துறோம், 5 டீச்சர், எல்லாரும் அந்தந்த ஊர்ப் பொண்ணுங்க. மார்ச் முடியறதுக்குள்ள 1,60,000 வந்தாத்தான் அவங்க சம்பள பாக்கியும் சத்துணவு சுண்டல் கணக்கும் முடியும்னு சொல்லி, தெரிஞ்சவங்க கிட்ட ஆளுக்கு 5 பேர் கிட்ட கேளுங்கன்னு ஒரு பேப்பர் நீட்டினேன். யாரும் அதைக் கையில வாங்கல.

சேர்மன் சார் பட்ஜெட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு, அடுத்த வருஷத்துலேர்ந்து 12 லட்சம் வரைக்கும் வரி இல்லன்னு சொல்லிட்டாங்களே, எல்லாரும் புது வரி ரெஜிம்முக்குப் போயிட்டா அதுல 80ஜி கழிவே (நன்கொடை குடுத்தா கிடைக்கற வரிச் சலுகை) கிடையாதே, இனிமே யாரு குடுப்பாங்கன்னு. அதுல உண்மை இருக்கு. ஆனா நம்ம டோனர் லிஸ்ட்ல பாதிப் பேர் 500, 1000 குடுக்கறவங்க, வரிக்காக குடுக்கறவங்க இல்லன்னு சொன்னேன். அப்பத்தான் பாத்திரக்கடை பாய் உண்மையான காரணத்தைச் சொன்னாரு. "ஏம்மா, நான் ஒருத்தர்கிட்ட 10,000 கேட்டா நாளைக்கு அவரு அவரோட ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கோ, மகன் கல்யாணத்துக்கோ நோட்டோட வருவாரு, நான் செய்யணும்ல? இது மொய் கணக்கு மாதிரி ஆயிடும்மா." மத்தவங்க எல்லாரும் தலையாட்டினாங்க. 4 வருஷமா இவங்களுக்கு அக்கறை இல்லன்னு நான் மனசுக்குள்ள நெனச்சிட்டு இருந்தேன், அது அநியாயம். கூச்சம், அதோட இந்த மொய் பயமும் சேர்ந்துதான் வாயைக் கட்டியிருக்கு.

பிப்ரவரி 12, புதன்

ஹெச்.எம். அம்மா (ரிடயர் ஆகி 9 வருஷம் ஆச்சு, எங்க டிரஸ்டிகள்ல மூத்தவங்க) போன் பண்ணினாங்க. "நீ பேப்பர் குடுத்துக் கேளுன்னா எப்படிக் கேப்போம், முதல்ல இந்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு எங்களை உக்கார வச்சுப் பேச விடு, அப்புறம் பாத்துக்கலாம்"னாங்க. ராத்திரி பூரா அதையே யோசிச்சிட்டு இருந்தேன். நாங்க மீட்டிங்ல பேசறதெல்லாம் பேங்க் பேலன்ஸ், ஆடிட், 12ஏபி (டிரஸ்டோட வரிவிலக்குப் பதிவு) புதுப்பிக்கணும், வருமானத்துல 85 சதவீதம் செலவு காட்டணும்னு இதேதான். பிள்ளைங்க பேரு ஒண்ணு கூட மினிட்ஸ் புக்ல இருக்காது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அடுத்த மீட்டிங்க ஆபீஸ்ல போடல, நாச்சியார்கோவில் பக்கம் இருக்குற மையத்துலயே பாய் விரிச்சுப் போட்டோம். ஆறு பேர் வந்தாங்க. அஜெண்டா கிடையாது. ஒரே கேள்வி: போன ஜூன்லேர்ந்து இதுவரைக்கும் நம்ம வேலையில நீங்க உங்க கண்ணால பார்த்தது ஒண்ணு சொல்லுங்க. கேள்விப்பட்டது வேணாம், ரிப்போர்ட்ல படிச்சதும் வேணாம்.

ரொம்ப நேரம் யாரும் பேசல. வெளியில குத்துவிளக்குப் பட்டறையில ராவுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஹெச்.எம். அம்மா ஒண்ணு சொன்னாங்க. டாக்டர் சார் கண் டெஸ்ட் முகாம் அன்னைக்கு ஒரு பையன் கண்ணாடி போட்டுக்கிட்டு எதிர்ல இருந்த வேப்ப மரத்துல இலை தனித்தனியா தெரியுதுன்னு கத்தினத சொன்னாரு. மத்த நாலு பேருக்கும் சொல்ல ஒண்ணும் இல்ல. சேர்மன் சார் கொஞ்சம் தயங்கிட்டு, "நான் கொடியேத்த மட்டும்தான் வந்திருக்கேன், ஒரு நாள் கூட சாயங்காலத்துல வந்து உக்காந்ததில்ல"ன்னாரு. 11 வருஷமா சேர்மனா இருக்கறவரு அப்படி எல்லாருக்கும் முன்னாடி சொல்றதுக்கு மனசு வேணும், எனக்கு அவர் மேல மரியாதை கூடிப்போச்சு.

முடிவு என்னன்னா, பணம் கேக்கறத பத்தி இன்னைக்குப் பேச வேணாம். மார்ச் 8க்குள்ள ஒவ்வொருத்தரும் ஒரு சாயங்காலம் மையத்துல 5.30லேர்ந்து 7.30 வரைக்கும் முழுசா இருக்கணும். சும்மா உக்காந்து பாக்கணும், அட்வைஸ் பண்ணக் கூடாது (இது ஹெச்.எம். அம்மா போட்ட கண்டிஷன்).

மார்ச் 5, புதன்

சேர்மன் சார் சுவாமிமலை பக்கத்து மையத்துக்குப் போனாரு, நானும் கூட இருந்தேன். நாலாவது படிக்கிற ஒரு பொண்ணு, கழித்தல் கணக்குல கடன் வாங்கறது புரியாம 402லேர்ந்து 178 கழிக்கிறதுக்கு அப்படியே நிக்குது. டீச்சர் ஈர்க்குச்சி கட்டு எடுத்தா, 10 குச்சி ரப்பர் பேண்ட் போட்டது, 10 கட்டு சேர்ந்த பெரிய கட்டு. பெரிய கட்டைப் பிரிச்சு 10 சின்னக் கட்டு, அதுல ஒண்ணப் பிரிச்சு 10 குச்சி. அந்தப் பொண்ணு ரப்பர் பேண்டை அவுக்கும்போதே "ஓ"ன்னு சொல்லிட்டா, 224 எழுதிட்டு அடுத்த கணக்கும் தானா போட்டா. சார் பக்கத்துலயே குனிஞ்சு பாத்துட்டு இருந்தாரு. வண்டியில திரும்பும்போது கேட்டாரு, "அந்தப் புள்ளைக்கு மாசம் என்ன தர்றோம்?" டீச்சரைத்தான் கேட்டாரு. 4,000னு சொன்னேன். ஜனவரி சம்பளம் இன்னும் பாக்கின்னும் சொன்னேன். வீடு வர்ற வரைக்கும் அவரு பேசல.

மார்ச் 9, ஞாயிறு

மூணாவது மீட்டிங், 7 பேரும் வந்துட்டாங்க! இந்த தடவை நிறுத்தறதுதான் கஷ்டமா இருந்துச்சு, ஆளாளுக்குப் பேசினாங்க. நல்லது மட்டும் இல்ல, ஒரு மையத்துல லைட் பத்தலன்னு ஒருத்தரு, பெரிய பசங்க பொங்கலுக்கு அப்புறம் வரதே இல்ல ஏன் யாரும் விசாரிக்கலன்னு இன்னொருத்தரு. அது என் தப்பு, ஒத்துக்கிட்டேன், அடுத்த வாரம் அந்த 6 வீட்டுக்கும் போறேன்னு எழுதி வச்சோம்.

அப்புறம் சேர்மன் சாரே ஆரம்பிச்சாரு, ஊர்ல கேக்கறதுக்கு முன்னாடி நம்ம கை முதல்ல போடணும்னு. இவ்வளவுன்னு தொகை பேசக் கூடாது, அவங்கவங்க சக்திக்கு ஏத்த மாதிரி, யாரு எவ்வளவுன்னு ட்ரெஷரருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பென்ஷன்ல வாழறவங்க 1,000 போட்டா அது சின்னது இல்லன்னு நான் முழுசா நம்பறேன். வெளியில சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், டிரஸ்டி 7 பேரும் போட்டுட்டோம்.

மொய் பயத்துக்கும் ஒரு வழி பாயே கண்டுபிடிச்சாரு. "எனக்காக குடுங்கன்னு கேட்டாத்தானே திரும்பிச் செய்யணும். நான் பாத்தத சொல்லி, நீங்களும் ஒரு நாள் வந்து பாருங்க, தோணுச்சுன்னா குடுங்கன்னு சொல்லப் போறேன்"னாரு. நோன்பு மாசம், கஞ்சி குடிச்சு தொழுகை முடிச்சதும் ராத்திரி 9 மணிக்கு மேல போன் பண்றேன்னு லிஸ்ட்ல 8 பேரு பேரை அவரே குறிச்சுக்கிட்டாரு. நான் நீட்டி யாரும் வாங்காத அதே பேப்பர்தான்.

மார்ச் 12, புதன்

மாசி மகம். மகாமகக் குளம் பக்கம் வண்டி போக முடியல, ஆபீஸ் லீவு. வீட்டுல உக்காந்து போன வருஷம் குடுத்து இந்த வருஷம் இன்னும் குடுக்காத 41 பேரு லிஸ்ட் எடுத்தேன். புது ஆளத் தேடறதுக்கு முன்னாடி இவங்களத்தான் கூப்பிடணும். இதுல 17 பேருக்கு நாங்க நன்றி சொல்லி ஒரு வரி கூட அனுப்பல, ரசீது மட்டும்தான் போயிருக்கு. அதனால முதல் போன் நன்றிக்கு மட்டும், பணம் கேக்கவே கூடாதுன்னு எல்லாருக்கும் வாட்ஸாப் பண்ணிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஹெச்.எம். அம்மா வீட்டுல உக்காந்து போன் பண்ணினாங்க, நானும் கூடவே இருந்தேன். அவங்க பழைய மாணவன் ஒருத்தன் அமெரிக்காவுல இருக்கான், 25,000 அனுப்பறேன்னுட்டான். அம்மா சந்தோஷத்துல அக்கவுண்ட் நம்பர் சொல்லப் போனாங்க, நான் கையப் புடிச்சு நிறுத்தி, இந்திய பாஸ்போர்ட்டா இல்ல அங்க சிட்டிசன் ஆயிட்டானான்னு முதல்ல கேளுங்கன்னேன். எங்ககிட்ட எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை வாங்கற அனுமதி) கிடையாது. இந்திய குடிமகனா இருந்தா, கிரீன் கார்டு இருந்தாலும், அவன் சொந்த சம்பளத்தை பேங்க் வழியா அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வராது. சிட்டிசன் ஆயிட்டா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டு சிட்டிசன் ஆன இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கறது) வச்சிருந்தாலும், ஒரு ரூபா வாங்கக் கூடாது. அவன் போன வருஷம்தான் சிட்டிசன் ஆனானாம். அம்மா முகம் வாடிப் போச்சு, ஆனா அவன்கிட்ட நேராவே சொன்னாங்க, "வேணாம்ப்பா, சட்டம் விடாது, நீ ஊருக்கு வரும்போது பிள்ளைங்கள வந்து பாரு, அது போதும்." வச்சதுக்கு அப்புறம் தண்ணி குடிச்சிட்டு அடுத்த நம்பரை அழுத்தச் சொன்னாங்க.

மார்ச் 24, திங்கள்

ஒரு பெரியவர் ஆபீஸுக்கே வந்து கவர்ல 5,000 ரொக்கமா குடுத்தாரு, டாக்டர் சார் போன் பண்ணினாராம். ரொக்கமா 2,000க்கு மேல குடுத்தா 80ஜி கிடைக்காது ஐயா, ஜிபேயோ செக்கோ குடுங்களேன்னு சொன்னேன். "எனக்கு வரியே கிடையாதும்மா"ன்னு சிரிச்சாரு. சாதா ரசீது போட்டேன், பான் நம்பரும் முகவரியும் எழுதி வாங்கிக்கிட்டேன். பேர் தெரியாத பணம்னு ஒண்ணு கணக்குல நிக்கக் கூடாது, ஆடிட்டர் திரும்பத் திரும்பச் சொல்றது இது.

மார்ச் 28, வெள்ளி

பத்தாவது பரீட்சை இன்னைக்கு தமிழ்ல ஆரம்பிச்சுது. நம்ம மையத்துப் பிள்ளைங்க 9 பேரு எழுதறாங்க. கணக்கு: 1,31,500 வந்திருக்கு. ஜனவரி, பிப்ரவரி சம்பளம் இன்னைக்கே அஞ்சு பேருக்கும் போட்டுட்டேன்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். பாய் கடை லீவு, ஆனா மதியம் பிரியாணி டப்பாவோட ஆபீஸுக்கு வந்துட்டாரு, கூடவே அவரோட லிஸ்ட். 8 பேர்ல 5 பேர் குடுத்தாங்க, 2 பேர் மையத்துக்கு வந்து பாத்துட்டு சொல்றேன்னாங்க, ஒருத்தர் வேணாம்னுட்டாரு. அந்த வேணாம்னவர் பேருக்கு நேரா "பரவால்ல, நல்லாப் பேசினாரு"ன்னு எழுதியிருந்தாரு. ராத்திரி 10.40க்கு கடைசி யூபிஐ வந்துச்சு, 1,000. மொத்தம் 1,52,750. 7,250 குறையுது, சுண்டல் கடை பாக்கி ஏப்ரல்ல அடைக்கணும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இந்த வருஷம் குடுத்தவங்க 63 பேரு. மே 31க்குள்ள 10பிடி (யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு வருமான வரி ஆபீஸுக்குக் குடுக்கற கணக்கு) ஃபைல் பண்ணணும், லேட் ஆனா நாளுக்கு 200 ரூபா கட்டணம், அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் 10பிஈன்னு நன்கொடை சர்டிபிகேட் அனுப்பணும். 9 பேரு பான் இன்னும் வரல. டிரஸ்டிகள் லிஸ்டைப் பிரிச்சுக்கிட்டாங்க, பான் கேக்கற போன்லயே நன்றியும் சொல்லிடலாம்னு. சேர்மன் சாருக்கு 12 பேரு. அவரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு, புதன்கிழமை சாயங்காலம் போன் பண்ண முடியாதும்மா, வியாழக்கிழமை பண்றேன், புதன் நான் சுவாமிமலை போறேன்னு.