நிலக்கீழ் அறைக் கூடாரத்தில் கறிவேப்பிலையும் காற்றின் ஈரமும்

ரொறன்ரோவில் கறிவேப்பிலை வளர்ப்பவர்களுக்குச் செப்ரெம்பர் மாதக் கடைசி கவலை தரும் காலம். இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் சாடிகளை உள்ளே எடுத்துவிட வேண்டும். மே மாதக் கடைசி வரும்வரை அவற்றை நம்பி வெளியே வைக்க முடியாது. எட்டு மாதங்கள் அந்த மரம் நம்முடைய வீட்டுக் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். வெளிச்சம் போதாமையால் கன்றுகள் வாடுகின்றன என்றே நாங்கள் எல்லோரும் முதலில் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் கன்றுகளைக் கெடுத்தது வெளிச்சக் குறைவைவிடக் காற்றின் வறட்சிதான் என்பதை உணர எனக்கு இரண்டு குளிர்காலங்கள் பிடித்தன.

முதற் குளிர்காலத்தில் சன்னலோரம் வைத்திருந்த இரண்டு கன்றுகளும் சனவரிக்குள் இலையுதிர்த்து வெறும் குச்சிகளாயின. இலை தொங்குவதைக் கண்டு தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றினேன்; மண் குளிர்ந்து, வேர் அழுகி, ஒரு கன்று முற்றாகப் போயிற்று. மற்றதன் இலைகளின் அடிப்புறத்தில் சிலந்திச் சிற்றுண்ணிகள் நூல் கட்டியிருந்தன. சூடும் வறட்சியும் சேர்ந்த காற்றில் அவை ஒரு வாரத்துக்குள்ளேயே ஒரு தலைமுறையை முடித்து அடுத்ததைத் தொடங்கிவிடக்கூடியவை. வறண்ட காற்று இலையிலிருந்து நீரை இழுக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாதபோது, மண்ணில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் இலை தொங்கத்தான் செய்யும். அதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு நிலக்கீழ் அறையில் ஒரு வளர்ப்புக் கூடாரம் அமைத்தேன். நீளமும் அகலமும் 120 சென்ரி மீற்றர், உயரம் 200 சென்ரி மீற்றர்; உட்புறம் வெள்ளி போல ஒளியைத் திருப்பும் துணி; மேலே 200 வாற்று எல்ஈடி விளக்கு; காற்றை வெளியே இழுக்கும் குழாய் விசிறி ஒன்று. உயிர் தப்பிய கறிவேப்பிலையுடன் புதிய கன்று ஒன்று, மூன்று மிளகாய்ச் செடிகள், ஒரு கத்தரி, ஓரத்தில் ஒரு தட்டு வல்லாரை. விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டேன். ஈரப்பதன்மானி 19 சதவீதம் காட்டியது; அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் 19 சதவீதமே அதில் இருந்தது. உடனே கடைக்குப் போய் ஈரமூட்டி ஒன்று வாங்கி உள்ளே வைத்தேன். அது இரவு பகலாகப் புகை போல நீர்த்துளிகளைக் கக்கியும் எண் 25ஐத் தாண்டவில்லை.

காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெளிந்தது. காற்றின் நீர் கொள்ளும் அளவு வெப்பநிலையோடு வேகமாக மாறுகிறது. 25 பாகையில் ஒரு கன மீற்றர்க் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். உறைநிலைக்குப் பத்துப் பாகை கீழே அதே காற்று சுமார் 2 கிராம்தான் தாங்கும். வெளியிலுள்ள அந்தக் காற்று நிரம்பிய நிலையில் இருந்தாலும், வீட்டுக்குள் வந்து ஃபேர்னஸ் அதை 21 பாகைக்குச் சூடாக்கியதும் அதன் ஈரப்பதன் 10, 11 சதவீதமாகிவிடும். சமையலும் குளியலும் மனிதர் மூச்சும் சேர்ந்து எங்கள் நிலக்கீழ் அறையில் அது 25 சதவீதம்வரை ஏறியிருந்தது. அதாவது கன மீற்றருக்கு 4 கிராம் சொச்சம். கூடாரத்துக்குள் 25 பாகையில் 60 சதவீதம் வேண்டுமானால் கன மீற்றருக்கு 14 கிராம் அளவு இருக்க வேண்டும். ஆகவே விசிறி வெளியேற்றும் ஒவ்வொரு கன மீற்றரும் ஒன்பது, பத்துக் கிராம் நீரைக் கொண்டுபோகிறது.

என் விசிறி மணிக்கு 300 கன மீற்றருக்கு மேல் இழுக்கக்கூடியது. கூடாரத்தின் கொள்ளளவோ மூன்று கன மீற்றரைத் தொடவில்லை. உள்ளிருந்த காற்று மணிக்கு நூறு முறை மாறிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் 60 சதவீதத்தைக் காப்பாற்ற மணிக்கு மூன்று லீற்றர் அளவில் நீரை ஆவியாக்க வேண்டும். நான் வாங்கிய ஈரமூட்டி தருவது கால் லீற்றர். அறை முழுவதையும் ஈரமாக்கும் வேலையை அந்தச் சிறு பெட்டியிடம் கொடுத்திருந்தேன்.

மறுபுறம், செடிகள் தாமே நல்ல ஈரமூட்டிகள். வேர் உறிஞ்சும் நீரில் 97 சதவீதத்துக்கும் மேல் ஆவியுயிர்ப்பாக இலைவாய்கள் வழியே காற்றுக்கே திரும்பிவிடுகிறது. செடி தன் உடம்பில் வைத்துக்கொள்வது மிகச் சொற்பம். என் கூடாரத்துக்கு நாளொன்றுக்கு 1.2 லீற்றர் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றால் ஏறத்தாழ அத்தனையும் அந்தக் காற்றில்தான் சேர்கிறது. 25 பாகையும் 60 சதவீதமும் உள்ள கூடாரக் காற்று முழுவதிலும் இருக்கும் நீர் வெறும் 40 கிராம், அதாவது மூன்று மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு, என்பதை நினைத்துப் பார்த்தால் செடிகளின் பங்கு எவ்வளவு பெரியது என்று விளங்கும். அந்த 1.2 லீற்றரை வெளியேற்ற, விளக்கெரியும் பன்னிரண்டு மணி நேரத்தில் மணிக்குப் பத்துக் கன மீற்றர் காற்று மாறினால் போதும். விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, மணிக்கு 15 நிமிடம் மட்டும் ஓடும்படி நேரங்காட்டியில் இணைத்தேன். இரண்டு நாட்களில் ஈரப்பதன் 58க்கும் 64க்கும் இடையில் நின்றது. ஈரமூட்டியை நிறுத்திவிட்டேன். இலைகளை மெல்ல அசைக்கும் சிறு மேசை விசிறியை மட்டும் எப்போதும் ஓடவிடுகிறேன். காற்றை மாற்றுவது வேறு, காற்றைக் கலக்குவது வேறு.

ஈரமூட்டியை நிறுத்தியதில் இன்னொரு நன்மையும் இருந்தது. அதிர்வினால் துளியாக்கும் வகை ஈரமூட்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் நீரிலுள்ள கனிமங்கள் வெண்தூளாக இலைமேல் படிகின்றன. அதை நான் முதலில் சாம்பல் நோய் என்று தவறாக எண்ணி மருந்தடிக்கப் போனேன். அந்த வகையைப் பயன்படுத்த வேண்டியவர்கள் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுவது நல்லது.

சதவீத எண்ணையே பிடித்துக்கொண்டிருப்பதிலும் ஒரு பிழை உண்டு. செடி உணர்வது சதவீதத்தையல்ல, இலைக்குள் இருக்கும் நிரம்பிய ஆவிக்கும் வெளிக்காற்றின் ஆவிக்கும் இடையிலுள்ள அமுக்க வேறுபாட்டை. இதை ஆவியமுக்கக் குறைவு என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றடியில், குளிக்கும் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரமாக நின்ற கறிவேப்பிலையை நினைத்துக்கொள்கிறேன். 29 பாகையும் 75 சதவீதமும் உள்ள ஒரு நாளில் அந்த இழுப்பு ஒரு கிலோ பாஸ்கல் அளவு. என் கூடாரத்தில் முதலில் இருந்த 25 பாகை, 19 சதவீதத்தில் அது இரண்டரைக் கிலோ பாஸ்கல். ஊரில் நின்றதைவிட இரண்டரை மடங்கு தாகமுள்ள காற்றில் அந்தக் கன்றை நிறுத்தியிருந்தேன் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. 25 பாகையில் ஊரின் அளவைப் பெற 68 சதவீதம் வேண்டும். ஆனால் மிளகாய்ப் பூக்களின் மகரந்தம் அதிக ஈரத்தில் ஒட்டிக்கொண்டு உதிராது என்பதால், 60ஐ ஒட்டிய அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பகலை ஒழுங்காக்கிய பிறகு விளக்கணைந்த நேரம் சிக்கலாயிற்று. 26 பாகை, 60 சதவீதத்தில் இருந்த காற்று விளக்கணைந்து 19 பாகைக்கு இறங்கியபோது, ஒரு துளி நீரும் சேராமலே ஈரப்பதன் 92க்கு ஏறியது. அதன் பனிபடுநிலை, அதாவது நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 17 பாகைக்கு மேல். குளிர்ந்த கொங்கிறீற்றுச் சுவரைத் தொட்டு நின்ற பின்பக்கத் துணியோ அதைவிடக் குளிர்ந்தது. அதனால் உட்புறத்தில் வியர்வை போல நீர் வடிந்தது. இரண்டு வாரத்தில் கத்தரிப் பூவின் காம்பில் சாம்பல் நிறப் பூஞ்சணம் கண்டேன். கூடாரத்தைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். விளக்கெரியத் தொடங்கும்போதே தண்ணீர் ஊற்றி, அணைவதற்குள் மேல்மண் காயும்படி பழக்கினேன். விளக்கணைந்த முதல் ஒரு மணி நேரம் விசிறி இடைவிடாது ஓடுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயன் தந்தது, பகலையும் இரவையும் மாற்றியதுதான். இப்போது விளக்கு மாலை 7 மணிக்கு எரிந்து காலை 7 மணிக்கு அணைகிறது. ஒன்ராறியோவில் நேரத்துக்கு ஏற்ப மாறும் மின்கட்டணத்தில் அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் மலிவானவை என்பது ஒன்று. வீடு குளிரும் இரவில் விளக்கு கூடாரத்தைச் சூடாக்க, வீடு சூடாக இருக்கும் பகலில் செடிகள் உறங்குகின்றன என்பது மற்றொன்று. வெப்பநிலை 25இலிருந்து 21க்கு மட்டுமே இறங்குவதால் ஈரப்பதன் 76ஐத் தாண்டுவதில்லை. துணி நனைவதில்லை.

மானியை நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, சேறு போல நனையும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, மானியுடன் காற்றுப் புகாத பையில் பத்து மணி நேரம் வைத்தால் உள்ளே 75 சதவீதம் நிலைக்கும். என் இரண்டு மானிகளில் ஒன்று 69 என்றது, மற்றது 78 என்றது. அந்த வேறுபாட்டை அவற்றின் முதுகிலேயே எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். மானியை விளக்கின் நேரடி ஒளி படாமல் இலைகளின் உயரத்தில் தொங்கவிட வேண்டும்.

வெளியேறும் ஈரக் காற்று வீட்டுக்குள்தான் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. பூஞ்சணத்தைத் தவிர்க்க வீட்டின் ஈரப்பதனைக் குளிர்காலத்தில் 30 சதவீதம், கோடையில் 50 சதவீதம் அளவில் வைத்திருக்கும்படி கனடிய சுகாதாரத் திணைக்களம் அறிவுறுத்துகிறது. ஒரு லீற்றர் நீர் ஒரு நாளில் அறைக்குள் பரவுவதால் எங்கள் 25 சதவீதம் 30க்கு வந்தது. பிள்ளைகளின் மூக்கு வறட்சியும் குறைந்தது. சன்னல் கண்ணாடியில் நீர் படியும் காலைகளில் மட்டும் குளியலறை விசிறியைக் கொஞ்ச நேரம் போடுகிறேன்.

கோடையில் நிலைமை தலைகீழ். யூலை மாதத்து நிலக்கீழ் அறைக் காற்றே ஈரமாக இருப்பதால், கூடாரத்தில் எஞ்சியிருக்கும் வல்லாரைக்கும் நாற்றுகளுக்கும் ஈரம் நீக்கும் பெட்டி தேவைப்படுகிறது. அதைக் கூடாரத்துக்குள் வைக்காமல் அறையில் வைக்கிறேன். ஏனெனில் ஒரு லீற்றர் நீரை ஒடுக்கும்போது வெளிப்படும் மறைவெப்பத்தோடு அதன் மோட்டாரின் சூடும் சேர்ந்து, அந்தச் சிறு இடத்தைச் சூளையாக்கிவிடும். கறிவேப்பிலைகள் அப்போது வெளியே தோட்டத்தில் நிற்கின்றன. பெரியது இப்போது என் தோளுயரம்; வரும் செப்ரெம்பரில் அதன் உச்சியை ஒரு சாண் வெட்டினால்தான் விளக்கின் கீழ் நிற்கும்.