கோர்ட் பாத்துக்கும்

ஏ-7, அதாவது ஒரு கேஸ்ல ஏழாவது அக்யூஸ்ட், அவனப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டே இருக்கேன், ஒவ்வொரு தடவையும் ரெண்டு பாரா டைப் பண்ணிட்டு அழிச்சுடறேன். பேரு, ஊரு, எந்த கோர்ட்டுன்னு எதுவும் சொல்ல மாட்டேன், கேஸ் இன்னும் முடியல.

அப்ப நான் அரசுத் தரப்பு வக்கீல் ஒருத்தர்கிட்ட ஜூனியர். யுஏபிஏ, அதாவது பயங்கரவாதத் தடுப்புச் சட்டக் கேஸ், பதினோரு அக்யூஸ்ட், எல்லாரும் ரிமாண்ட்ல. 86வது நாள் சாயங்காலம் ஐஓ, விசாரணை அதிகாரி, லெட்டரோட வந்தார். சார்ஜ் ஷீட் போட இன்னும் 90 நாள் வேணும்னு. காரணம் நாலு போட்டிருந்தார், லேப்ல இருந்து ரிப்போர்ட் வரணும், வெளி மாநிலத்துல சாட்சிங்கள விசாரிக்கணும், பேங்க் விவரம் வரணும், கேஸ் நடத்த அரசு சாங்ஷன் வரணும். அந்த லெட்டர வச்சு பிபி, அதாவது அரசு வக்கீலான என் சீனியர், கோர்ட்டுக்குக் குடுக்கற ரிப்போர்ட்ட டிராஃப்ட் பண்றது என் வேலை. கேஸ் கட்டு முழுக்க என் டேபிள்லதான் இருந்துச்சு, அதனால எனக்குத் தெரியும், ஏ-7ஓட போன் ரிப்போர்ட் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, ஒண்ணுமே இல்ல அதுல. அவன் பேர்ல பேங்க்ல இருந்தது ஒரு சம்பளக் கணக்கு, அந்த ஸ்டேட்மென்ட்டும் கட்டுலயே இருந்துச்சு. செல்போன் கடையில வேலை பாத்த பையன், 23 வயசு, வேற ஒருத்தர் ஆதார்ல ஏ-2வுக்கு ரெண்டு சிம் ஆக்டிவேட் பண்ணிக் குடுத்தான், அன்னிக்குத் தேதிக்கு கட்டுல அவன் மேல இருந்தது அவ்வளவுதான்.

சீனியர் ரூமுக்குப் போய் கேட்டேன், "சார், ஏ-7க்கு தனியா காரணம் எழுதணுமா, அவன் சம்பந்தமா பெண்டிங் எதுவும் இல்லயே."

அவர் ஃபைல்ல இருந்து தலைய நிமிர்த்தாமதான் சொன்னார். "சதி கேஸ்ல ஆள் ஆளா பிரிக்க முடியாதும்மா. ஒரே பாராவா போட்டுடு. கோர்ட் பாத்துக்கும்."

நான் சரிங்க சார்னு சொல்லிட்டு வந்துட்டேன். நடந்தது இவ்வளவுதான்.

இதுக்குள்ள என்ன இருக்குன்னு வெளிய இருக்கறவங்களுக்கு புரியறது கஷ்டம். யுஏபிஏல பெயில் வாங்கறது எப்படின்னு கேட்டா, 43டி(5)ன்னு ஒரு பிரிவு, குற்றச்சாட்டுக்கு முதல் பார்வைக்கே முகாந்திரம் இருக்குன்னு கோர்ட்டுக்குத் தோணுச்சுன்னா பெயில் கிடையாது. 2019ல வட்டாலி தீர்ப்புக்கு அப்புறம் பெயில் ஸ்டேஜ்ல சாட்சியத்த ரொம்ப நோண்டவும் கூடாது, போலீஸ் சொல்றத அப்படியே எடுத்துக்கிட்டுதான் பாக்கணும்னு ஆயிடுச்சு. அப்ப ஆரம்பத்துல ஒரு ஆளுக்கு உருப்படியா இருக்கற வாசல் ஒண்ணே ஒண்ணுதான், டிஃபால்ட் பெயில். கெடுவுக்குள்ள சார்ஜ் ஷீட் வரலேன்னா கேக்கற ஜாமீன குடுத்தே ஆகணும், முகாந்திரம் எல்லாம் பேச்சே இல்ல. இது ஏதோ சலுகை இல்ல, அரசியல் சாசனத்துல உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உரிமை தர்ற 21வது ஷரத்தோட ஒரு பகுதின்னு சுப்ரீம் கோர்ட் திரும்பத் திரும்ப சொல்லியிருக்கு, 2020ல நம்ம மதுரை பெஞ்சுல இருந்து போன ஒரு கேஸ்ல, கொரோனா லாக்டவுனால கூட இந்தக் கெடு நீளாதுன்னு சொன்னாங்க. அந்தக் கெடுவ 90ல இருந்து 180 ஆக்கறது, பிபி குடுக்கற ஒரு ரிப்போர்ட்ட வச்சுத்தான். அந்த ரிப்போர்ட்டத்தான் நான் டைப் பண்ணேன்.

அந்த ரிப்போர்ட்ல ரெண்டு விஷயம் இருக்கணும்னு சட்டத்துல இருக்கு. விசாரணை எவ்வளவு தூரம் வந்திருக்கு, அப்புறம் இந்த அக்யூஸ்ட்ட 90 நாளுக்கு மேல உள்ள வைக்க குறிப்பா என்ன காரணம். குறிப்பான காரணம். தடாங்கற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இருந்த காலத்துலயே, 1994ல, ஹிதேந்திர விஷ்ணு தாகூர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, பிபி போலீஸோட ஆள் இல்ல, அவர் போஸ்ட் ஆபீஸ் இல்ல, தானா யோசிச்சுத்தான் ரிப்போர்ட் குடுக்கணும்னு. லா காலேஜ்ல இத எழுதி மார்க் வாங்கினவ நான். எக்ஸாம்ல எழுதறப்ப எவ்வளவு ஈஸியா இருந்துச்சு.

நான் முயற்சியே பண்ணலன்னு சொல்ல முடியாது. டேபிளுக்கு வந்து உக்காந்து, பொதுவான பாராவுக்குக் கீழ, "ஸோ ஃபார் அஸ் ஏ-7 இஸ் கன்சர்ன்ட்"னு அடிச்சு ஒரு கமா போட்டேன். அதுக்கப்புறம் என்ன எழுதறது? கட்ட திரும்ப ஒரு தடவ பொரட்டினேன். எழுதறதுக்கு எதுவும் கிடைக்கல. கமாவுக்கு அந்தப் பக்கம் கர்சர் மின்னிட்டே இருந்துச்சு. காரணம் இல்லேன்னு எழுத என்னால முடியாது, அது என் ரிப்போர்ட் இல்ல, கீழ சீனியர் கையெழுத்து. கொஞ்ச நேரம் பாத்துட்டு அந்த அரை வரிய அழிச்சுட்டேன். பதினோரு பேருக்கும் ஒரே பாரா, "தி அக்யூஸ்ட் பெர்சன்ஸ்"னு பன்மையில.

சீனியர் மோசமான ஆள்னு யாரும் நினைச்சுட வேண்டாம். அவர் கிட்டத்தான் சாட்சிய கிராஸ் பண்றது எப்படின்னு கத்துக்கிட்டேன், போலீஸ் கொண்டு வர்ற எவ்வளவோ ஜோடனைய அவர் திருப்பி அனுப்பி நான் பாத்திருக்கேன். மறுநாள் கார்ல போறப்ப அவரே பேச்ச எடுத்தார், நேத்து நீ கேட்டது எனக்குப் புரியாம இல்லம்மா, ஆனா இவன் வெளிய போயி நாளைக்கு எங்கயாவது ஒண்ணு வெடிச்சா, அன்னிக்கு தனியா ஒரு பாரா எழுதினது யாருன்னுதான் கேப்பாங்கன்னார். எனக்கு பதில் வரல.

பதில் வராததுக்கு ஒரு காரணம் இருக்கு. நான் கோயமுத்தூர்ப் பொண்ணு. 1998 பிப்ரவரி 14 சனிக்கிழமை, நான் ஆறாவது படிச்சுட்டு இருந்தேன், ஆர்.எஸ்.புரம் பக்கம் போயிருந்த எங்க மாமா ராத்திரி ரொம்ப நேரம் கழிச்சு வந்தாரு, சட்டையெல்லாம் யாரோட ரத்தமோ. அம்மா "என்னாச்சுங்ணா"ன்னு கத்தறாங்க, அவரு அம்மா வாயவே பாத்துட்டு நிக்கறாரு, காது கேக்கல. இடது காது இன்னிக்கும் கேக்காது. அன்னிக்கு ஊர்ல நடந்த தொடர் குண்டுவெடிப்புல 58 பேர் செத்தாங்க. அதுக்கு மூணு மாசம் முன்னாடி ஒரு கான்ஸ்டபிள வெட்டினாங்க, அதத் தொடர்ந்து கலவரத்துல 18 முஸ்லிம்கள் செத்தாங்க, அதெல்லாம் சேர்த்துத்தான் அந்த சனிக்கிழமைன்னு பெரியவளான அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், ஆனா உடம்புல தங்கினது மாமாவோட அந்தப் பார்வைதான். குண்டு வைக்கறவன 90 நாள்ல பிடிச்சு முடிச்சுட முடியாது, லேப் லேட்டாகும், சாட்சி பயப்படுவான், போன்ல இருக்கறத எடுக்கவே மாசக் கணக்காகும். கூடுதல் டைம் வேணும்ங்கறதுல எனக்கு அப்பவும் மாற்றுக் கருத்து இல்ல, இப்பவும் இல்ல. 2004ல பொடாங்கற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்த எடுத்தப்ப போன இந்த 180 நாள், 2008 நவம்பர்ல மும்பை தாக்குதல் நடந்து அடுத்த மாசமே பார்லிமென்ட்ல யுஏபிஏக்குள்ள வந்துச்சுன்னா, அந்த பயம் பொய் இல்ல.

ஆனா அதே கோயமுத்தூர் கேஸ்லதான் கேரள அரசியல்வாதி மதானி ஒன்பது வருஷத்துக்கு மேல உள்ள இருந்துட்டு 2007ல விடுதலையானார். எங்க வீட்ல அன்னிக்கு டிவி பாத்துட்டு யாரும் ஒண்ணும் பேசல. மாமா மட்டும் ஒன்பது வருஷமான்னு ஒரு தடவ கேட்டுட்டு எழுந்து போயிட்டார்.

90வது நாளுக்கு முந்தின நாள் ஹியரிங். கொரோனா சமயம், எல்லாம் விசி, வீடியோ கான்ஃபரன்ஸ். ஜெயில்ல ஒரு சின்ன ரூம், பதினோரு பேரையும் ரெண்டு வரிசையா நிக்க வச்சிருந்தாங்க, ஏ-7 பின் வரிசையில ஓரமா, மாஸ்க், பாதி மூஞ்சிதான் திரையில தெரிஞ்சுது. சீனியர் ரிப்போர்ட்ட ரீட் பண்ணார், டிஃபென்ஸ் வக்கீலுங்க, எல்லாருக்கும் ஒரே காரணம் சொல்றாங்கன்னு ஆட்சேபணை பண்ணாங்க, சீனியர் சதின்னு பதில் சொன்னார், எல்லாமே இங்கிலீஷ்ல. அப்புறம் ஜட்ஜ் திரையப் பாத்து தமிழ்ல, "யாராவது ஏதாவது சொல்லணுமா"ன்னு கேட்டார். ஏ-2 ஏதோ மருந்து வேணும்னு சொன்னான். அப்ப பின் வரிசையில ஏ-7 கைய தூக்கினான். பக்கத்துல இருந்த வார்டர் அவன் முழங்கையத் தொட்டு இறக்கினார். அதட்டல் எல்லாம் இல்ல, கிளாஸ்ல வாத்தியார் பண்ற மாதிரி. ஜட்ஜ் அப்ப மருந்து விஷயத்த நோட் பண்ணிட்டு இருந்தார், பாக்கல. நான் பாத்தேன். என் லேப்டாப்லயும் விசி ஓடிட்டு இருந்துச்சு. "சார், ஏ-7 ஏதோ சொல்லணும்ங்கறான்"னு சீனியர் காதுல சொல்றதுக்கு எனக்கு ரெண்டு செகண்ட் போதும்.

சொல்லல.

ஆர்டர் ரெண்டே பக்கம், என் பாரா கிட்டத்தட்ட அப்படியே அதுல இருந்துச்சு, நான் போட்ட அந்தப் பன்மையோட. எங்க ஆபீஸ் எழுதினத கோர்ட் எழுதிச்சு, கோர்ட் பாத்துக்கும்னு நாங்க விட்டோம். அடுத்து 2022 செப்டம்பர்ல ஜிகர் தீர்ப்பு வந்துச்சு, கெடு நீட்டிக்கறப்ப அக்யூஸ்ட்ட நேர்லயோ விசிலயோ ஆஜர்படுத்தி, என்ன கேக்கறாங்கன்னு அவனுக்குத் தெரியப்படுத்தணும், இல்லேன்னா அது 21வது ஷரத்து மீறல்னு. படிச்ச உடனே எனக்குத் தோணினது என்னன்னு மறைக்காம சொல்றேன், நல்ல வேளை எங்க கேஸ்ல விசி போட்டிருந்தோம்னு. அதுக்கப்புறம்தான் அந்தக் கை ஞாபகம் வந்துச்சு. அவன் திரையில இருந்தான், அது உண்மை. அன்னிக்கு அங்க பேசினது என்னன்னு அவன்கிட்ட தமிழ்ல யாருமே சொல்லல, அதுவும் உண்மை.

இனி சொல்லப் போறதுதான் என்னால ஒரு முடிவுக்கு வர முடியாம பண்ணுது. 143வது நாள் ஒரு சாட்சி வந்தார். பாதுகாக்கப்பட்ட சாட்சி, பேர் வெளிய வராது. ஏ-2 கூட்டின ஒரு கூட்டத்துல சிம் குடுத்த பையனும் உக்காந்திருந்தான்னு சொன்னார். 171வது நாள் போட்ட சார்ஜ் ஷீட்ல ஏ-7 மேல இருக்கற கனமான விஷயமே அதுதான். அது நெசம்னா, அந்த 90 நாள் நீட்டிச்சது சரிதான், நான் தனி பாரா எழுதி அவன் வெளிய போயிருந்தா அந்த சாட்சி பயந்துட்டு வந்திருக்கவே மாட்டார். அது நெசம் இல்லேன்னா? கட்டுல ஒண்ணும் இல்லாத ஒருத்தன் மேல, 90 நாள் தாண்டின அப்புறம், ஏதாவது ஒண்ணு வேணும்னு தேவைப்பட்டப்ப ஒரு ஸ்டேட்மென்ட் வருது. நான் அந்த ஸ்டேட்மென்ட்ட எத்தனையோ தடவ படிச்சிருக்கேன். ஒரு நாள் படிச்சா நம்பற மாதிரி இருக்கும், இன்னொரு நாள் இருக்காது.

ராத்திரி தூக்கம் வராதப்ப ராஜீவ் காந்தி கொலையில பேட்டரி வாங்கிக் குடுத்தார்னு தண்டிக்கப்பட்ட பேரறிவாளன் கேஸ் ஞாபகத்துக்கு வரும். அவர் வாக்குமூலத்த எழுதின சிபிஐ அதிகாரி ரிட்டயர் ஆன அப்புறம் 2013ல வெளிய சொன்னார், பேட்டரி எதுக்குன்னு தெரியாதுன்னு அவர் சொன்னத தான் பதிவு பண்ணலேன்னு. தடா இருந்ததாலதான் எஸ்பி முன்னாடி குடுத்த வாக்குமூலம் சாட்சியமாச்சு. 1999ல சுப்ரீம் கோர்ட் இது தடா குற்றமே இல்லேன்னு சொல்லியும் அந்த வாக்குமூலம் மட்டும் செல்லும்னு நின்னுச்சு. 31 வருஷம் அப்புறம், 2022 மே மாசம்தான் அவர் முழுசா வெளிய வந்தார். அவங்க விட்டது ஒரு வரி. நான் அழிச்சது அரை வரி. ரெண்டையும் ஒண்ணா வைக்கறது அதிகம்தான், எனக்கே தெரியுது, அங்க அவர் சொன்னத விட்டாங்க, இங்க ஏ-7 என்கிட்ட எதுவுமே சொல்லல. ஆனா விட்டவர் கையும் என் கை மாதிரி ஒரு கைதான, சாயங்காலம் வேலை முடிக்கணும்னு இருந்த கை.

ஏ-7க்கு ரெண்டே முக்கால் வருஷம் கழிச்சு ஹைகோர்ட்ல பெயில் கிடைச்சுது, 2021 நஜீப் தீர்ப்ப சொல்லித்தான், விசாரணை முடியற மாதிரி இல்லேன்னா 43டி(5) இருந்தாலும் அரசியல் சாசன கோர்ட்டுங்க பெயில் குடுக்கலாம்ங்கற தீர்ப்பு. அதுக்குள்ள நான் அந்த ஆபீஸ விட்டு வந்துட்டேன். இதனாலதான் வந்தேன்னு சிலர் நினைக்கறாங்க, நானும் ஒரு ரெண்டு பேர்கிட்ட அப்படி சொல்லியிருக்கேன், தப்பு. கல்யாணமாகி ஊர் மாறினேன், அதான் காரணம். இப்ப சட்ட உதவிக் குழு மூலமா ரிமாண்ட் கேஸ் பாக்கறேன். திருட்டு, அடிதடி, கஞ்சா. தினசரி காலண்டர் தாள கிழிக்கறப்ப சார்ஜ் ஷீட் கெடு யாருக்கு 60 நாள், யாருக்கு 90 நாள்னு பின்னாடி பேனாவுல எழுதி வச்சிருப்பேன், எண்றப்ப ரிமாண்ட் பண்ண நாளையும் சேத்து எண்ணணும்னு கூட இருக்கற பொண்ணுக்கு சொல்லிக் குடுத்திருக்கேன்.

போன மாசம் அந்தப் பொண்ணுகிட்ட இத மொத்தமா சொன்னேன். அவ கேட்டா, "மேடம், நீங்க தனியா எழுதியிருந்தா மட்டும் ஜட்ஜ் விட்டிருப்பாரா?"

விட்டிருக்க மாட்டார்னுதான் நினைக்கறேன்னேன். சதி கேஸ், பதினோரு பேர், எந்த ஜட்ஜும் ஒருத்தன மட்டும் பிரிச்சுப் பாக்கறது கஷ்டம்.

"அப்ப என்ன மேடம் வித்தியாசம்?"

அவளுக்கு அப்ப பதில் சொல்லல. அந்தக் கைய பத்தி சொன்னேன். அவன் என்ன சொல்ல வந்திருப்பான்னு அவளே யோசிக்க ஆரம்பிச்சா. அந்த சிம் பத்தி இருக்கலாம் மேடம். இல்ல, நாளைக்கு 90 முடியுதேன்னு கேக்க வந்திருக்கலாம், ஜெயில்ல எல்லாரும் நாள் எண்ணிட்டுத்தான இருப்பாங்க. இல்ல, பல் வலியா கூட இருக்கலாம்னா.