ஆறு கோ வெள்ளை அரிசி: ஜப்பானில் பெரிபெரி

ஜப்பானியர்கள் பெரிபெரி நோயைக் 'கக்கே' என்பார்கள். டோக்கியோ 'எடோ'வாக இருந்த காலத்தில் அதற்கு 'எடோ நோவு' என்றே ஒரு பெயர் உண்டு. கிராமத்திலிருந்து எடோவுக்குப் பிழைக்க வந்தவனுக்குக் கால் மரத்து வீங்கும். ஊர் திரும்பினால் தானாகத் தெளியும். ஊரில் அவன் சாப்பிட்டது பார்லியும் சிறுதானியமும் கலந்த சோறு. எடோவில் நன்றாகத் தீட்டிய வெள்ளைச் சோறு, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் ஊறுகாய். அரண்மனையும் தப்பவில்லை. நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான 14ஆவது ஷோகன் தொகுகாவா இயெமோச்சி 1866இல் இந்த நோயால் இறந்தபோது வயது 20.

தயமின் குறைவுதான் பெரிபெரிக்குக் காரணம். தயமின், அதாவது வைட்டமின் பி1, நெல்மணியின் தவிட்டிலும் முளையிலும்தான் அதிகம். தீட்டாத அரிசியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 0.4 மில்லிகிராம், வெள்ளையாகத் தீட்டினால் 0.1கூடத் தேறாது. மிச்சத்திலும் ஒரு பங்கு கழுநீரோடு போய்விடும். மாவுச்சத்தை எரிக்கவே தயமின் தேவை என்பதால், சோறு கூடக் கூடத் தேவையும் கூடுகிறது. உடம்பின் கையிருப்போ 30 மில்லிகிராம் அளவுதான், சில வாரங்களில் காலி. முதலில் பாதம் மரக்கும். முழங்காலின் கீழ் தட்டினால் கால் உதறாது. முன்னங்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். முற்றினால் இதயம் வீங்கிச் சட்டென்று செயலிழக்கும். அந்த நிலைக்கு ஜப்பானியர் வைத்த 'ஷோஷின்' என்ற பெயரைத்தான் உலக மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ லண்டனில் படித்தவர். அப்போது ஜப்பானிய மாலுமிகளுக்குச் சாப்பாட்டுப் படி காசாகக் கொடுக்கப்பட்டது. அவர்கள் சோற்றை நிரப்பிக்கொண்டு, கறி, காய்க்கான காசை மிச்சம் பிடித்தார்கள். 1882 இறுதியில் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் என்று கிளம்பிய 'ரியூஜோ' பயிற்சிக் கப்பலில் 376 பேரில் 169 பேர் படுத்தார்கள். 25 பேர் இறந்தார்கள். 1884இல் தகாகி அதே வழியில் 'ட்ஸுகுபா'வை அனுப்ப வைத்தார். இறைச்சி, டின் பால், ரொட்டி எல்லாம் ஏற்றினார். நோய் கண்டவர்கள் 14 பேர்தான், சாவு ஒன்றுமில்லை. நோய் கண்டவர்களில் பலர் அந்தப் புதுச் சாப்பாட்டைத் தொடாதவர்கள்.

ரொட்டி மாலுமிகளின் வாய்க்குப் பிடிக்கவில்லை. அதனால் 1885இல் பாதி அரிசி, பாதி பார்லி என்று மாறியது. பார்லியில் தயமின் மணிக்குள்ளும் பரவியிருப்பதால் தோல் நீக்கினாலும் கணிசமாக மிஞ்சும். ஆனால் அரிசியோடு ஒன்றாகப் போட்டால் அரிசி வெந்துவிடும், பார்லி கடுக்கென்று நிற்கும். ஆகவே பார்லியை முதலில் தனியாக வேகவைத்து, பிறகுதான் அரிசியில் சேர்ப்பார்கள். ஓரிரு ஆண்டுகளில் கடற்படையில் பெரிபெரி ஏறக்குறைய ஒழிந்தது.

தகாகி சொன்ன காரணம் தவறு. சாப்பாட்டில் புரதம் குறைவு, மாவுச்சத்து அதிகம், அதுதான் நோய் என்றார். மருந்து சரி, விளக்கம் பிழை. ஜெர்மன் வழியில் பயின்று கிருமியைத் தேடிய ராணுவ மருத்துவர்கள் அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு மருந்தையும் சேர்த்தே தள்ளினார்கள். எழுத்தாளராகவும் புகழ்பெற்ற மோரி ஓகாய் அவர்களில் ஒருவர். இதில் பிடிவாதம் மட்டுமில்லை என்பது என் எண்ணம். தினம் ஆறு கோ வெள்ளை அரிசி, கிட்டத்தட்ட 900 கிராம், ஏழை விவசாயி மகனுக்கு ராணுவம் காட்டிய ஆசை. பார்லியோ சிறையில் போடும் சோறு. ஆனால் அந்தக் கைதிகளுக்குப் பெரிபெரி வராததைக் கவனித்துத்தான் ஒசாகா படைப்பிரிவின் மருத்துவர் ஹோரியுச்சி 1884லேயே பார்லிக்கு மாறினார். தலைமையகம் அசையவில்லை. 1904–05 ரஷ்யப் போரில் சுமார் 2,50,000 தரைப்படையினருக்கு நோய். 27,000க்கு மேல் சாவு. கடற்படையில் நோய் கண்டவர்களே நூறு பேர் அளவில்தான். போர் முடியும் தறுவாயில், 1905 மார்ச்சில்தான் போர்முனைத் தரைப்படைக்கும் பார்லி வந்தது.

அதே காலத்தில் மலாயாவில், பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அவ்வளவாகத் தொடவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் தயமின் மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். வடித்த கஞ்சியைக் கொட்டாதவர்களுக்கு இன்னும் கொஞ்சம்.

1910இல் சுஸுகி உமெதாரோ தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார். அவர் வேளாண் வேதியியலாளர், மருத்துவர் அல்ல; மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. 1923இல்கூட 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 1950களில் பூண்டும் தயமினும் சேர்ந்து உருவாகும், குடலில் எளிதாக ஏறும் 'அல்லிதயமின்' கியோட்டோவில் கண்டுபிடிக்கப்பட்டு, அதன் வழிவந்த மாத்திரை 1954இல் கடைக்கு வந்தது.

1970களில் மேற்கு ஜப்பானில் பதின்வயதுப் பையன்களுக்குக் கால் வீங்கி இதயம் தளர்ந்தபோது, ஏதோ புது நரம்பு நோய் என்றே முதலில் நினைத்தார்கள். விசாரித்தால், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், வெள்ளைச் சோறு, சர்க்கரை போட்ட குளிர்பானம்.