செஸ்னாவிலிருந்து 600 கிலோ விமானத்துக்கு: மாற்றப் பயிற்சியில் நேரம் எங்கே போகிறது

பல வருடம் செஸ்னா 172 ஓட்டிவிட்டு, ரோட்டாக்ஸ் இன்ஜினும் டிஜிட்டல் திரையும் கொண்ட லேசான விமானத்துக்கு அண்மையில் மாறினேன். உரிமம் கையில் இருக்கிறது, பறந்த மணிநேரம் இருக்கிறது, சின்ன விமானம்தானே, இரண்டு சுற்று போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது ஆபத்தான நினைப்பு. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதல் பாடம் தரையில், இன்ஜின் மூடியைத் திறந்து வைத்து நடந்தது. செஸ்னாவில் இருந்த பழைய லைகாமிங் இன்ஜினில் எண்ணெய் பார்ப்பது என்றால் அளவுகோலை எடுத்துத் துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் பார்ப்பது. அவ்வளவுதான். ரோட்டாக்ஸ் 912-இல் எண்ணெய் இன்ஜினுக்கு அடியில் தேங்காது, தனித் தொட்டியில் இருக்கும். இன்ஜினிலிருந்து அந்தத் தொட்டிக்கு எண்ணெயைத் திருப்பி அனுப்பத் தனி பம்ப் கிடையாது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயுவின் அழுத்தமே அதைத் தள்ளுகிறது. இன்ஜின் நின்ற பிறகு கொஞ்சம் எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும். அந்த நிலையில் அளவுகோலைப் பார்த்தால் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும்.

அதனால் ப்ரொப்பெல்லரைக் கையால், அது வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே, மெதுவாகச் சுற்ற வேண்டும். தொட்டிக்குள் களகளவென்று காற்று வெளிவரும் சத்தம் கேட்கும்வரை சுற்றிவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் எண்ணெய்ப் பாதைக்குள் காற்று போய்விடும். இக்னிஷன் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ப்ரொப்பெல்லரை உயிருள்ளதாகவே நினைத்துத் தொட வேண்டும் என்று பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொன்னார். சுவிட்சுக்குப் போகும் ஒரு வயர் அறுந்திருந்தால் போதும், அணைத்தும் அணையாத நிலைதான்.

அடுத்து காது பழக வேண்டும். செஸ்னாவின் இன்ஜின் அதிகபட்சம் நிமிடத்துக்கு 2700 சுற்றில் ஓடும், ப்ரொப்பெல்லர் நேராக அதில் பூட்டியிருக்கும். 100 குதிரைத்திறன் 912-இல் தொடர்ந்து ஓட்ட 5500, ஏறும்போது ஐந்து நிமிடம் வரை 5800. நடுவில் கியர்பாக்ஸ் 2.43-க்கு 1 என்று குறைப்பதால் ப்ரொப்பெல்லர் வழக்கமான வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் அந்த இரைச்சலைக் கேட்டதும் பழைய விமானிகளின் கை தன்னையறியாமல் த்ராட்டிலைப் பின்னால் இழுத்துவிடும். இழுக்கக் கூடாது, அந்தச் சத்தம்தான் அதன் இயல்பு. செஸ்னாவில் இருந்த சிவப்புக் குமிழ், அதாவது காற்று–எரிபொருள் கலவையைச் சரிசெய்யும் குமிழ், இதில் கிடையாது. உயரத்துக்கு ஏற்ப கார்புரேட்டர்களே பார்த்துக்கொள்கின்றன. எண்ணெய் 50 டிகிரி சூடாகும்வரை முழு சக்தி கொடுக்க அனுமதியில்லை. குளிர்ந்த காலையில் ரன்வே ஓரத்தில் காத்திருப்பது பொறுமையைச் சோதிக்கும். காத்திருங்கள்.

அப்புறம் திரை. இதில்தான் எனக்கு அதிக நேரம் போனது, போக வேண்டியதும் இதில்தான்.

வட்ட முள் கருவிகளில் நாம் எண்ணைப் படிப்பதில்லை. முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை ஓரக்கண்ணே சொல்லிவிடும். திரையில் வேகம் இடப்புறமும் உயரம் வலப்புறமும் பட்டையாக ஓடுகின்றன, அவற்றைப் படிக்க வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் கண் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பயிற்றுநர் இதற்குச் செய்த வைத்தியம் எளிமையானது: திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, அடிவானத்தையும் இன்ஜின் சத்தத்தையும் மட்டும் வைத்து ஓடுபாதையைச் சுற்றி வரச் சொன்னார். அது வந்த பிறகுதான் திரையைத் திருப்பித் தந்தார். எல்லாப் பயிற்சியும் இந்த வரிசையில்தான் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010-இல், முள் கருவிகள் கொண்ட சிறு விமானங்களையும் திரை கொண்டவற்றையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. திரை விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவாகவும், உயிரிழப்பில் முடிந்த விபத்துகளின் விகிதம் அதிகமாகவும் இருந்தன. எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே பறக்கிறார்கள் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் கருவியை வாங்கிப் பொருத்துவதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது, அந்தந்தத் திரைக்கான பயிற்சி வேண்டும் என்பதே அந்த ஆய்வு சொன்னது. சில திரைகள் விமானத்தின் சாய்வைக் கணக்கிட, காற்றுவேகத்தை அளக்கும் குழாயின் தகவலையும் சேர்த்துக்கொள்கின்றன. குழாயில் பூச்சி அடைத்தால் எது எது தவறாகக் காட்டும் என்று கையேட்டில் தேடிப் படித்துவிட்டுத்தான் தனியாகக் கிளம்ப வேண்டும்.

அக்கம்பக்கத்து விமானங்களைக் காட்டும் வசதியும் இப்படித்தான். விமானங்கள் தம் இருப்பிடத்தை ரேடியோவில் அறிவிக்கும் ஏடிஎஸ்-பி, ஃப்ளார்ம் இரண்டும் அருமையானவை, எனக்கு அவை கட்டாயம் வேண்டும். ஆனால் சமிக்ஞை அனுப்புபவர்கள்தான் திரையில் தெரிவார்கள். கருவி இல்லாத கிளைடரும் பாராகிளைடரும் பறவையும் தெரிய மாட்டா. திரை காலியாக இருந்தால் வானம் காலி என்று அர்த்தமில்லை.

இறங்குவது பற்றி. செஸ்னா 172 முழு எடையில் 1100 கிலோ அளவுக்கு இருக்கும். இந்த வகையில் 600 கிலோ. த்ராட்டிலை மூடினால் செஸ்னா கொஞ்ச தூரம் தன் எடையாலேயே ஓடும். இது நூல் அறுந்த பட்டம் மாதிரி வேகத்தை உடனே இழக்கும். இன்ஜின் நின்றால் யோசிக்க நேரமில்லை, மூக்கைத் தாழ்த்தும் அசைவு கைக்கு முதலில் வர வேண்டும். காற்று சீராக இல்லாத நாட்களில் பயிற்றுநரை வைத்துக்கொண்டு போதுமான அளவு இறங்கிப் பழகுங்கள். அமைதியான காலையில் மட்டும் பழகினால் இந்த விமானத்தில் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள். 2025 ஜூலையில் லேசான விமானங்களுக்காக அமெரிக்கா வெளியிட்ட மொசைக் விதிகள் 600 கிலோ என்ற பழைய வரம்பை விட்டுவிட்டு, ஸ்டால் வேகத்தை, அதாவது எதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காதோ அந்த வேகத்தை, அடிப்படையாக்கியிருக்கின்றன. லேசாக வைத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி குறைவதால், இனி உறுதியான சக்கரங்களும் கூடுதல் எரிபொருளும் உள்ள விமானங்கள் வரலாம். எனக்கு அது மகிழ்ச்சியே.

முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் இருந்தால், கிளம்பும் முன் பாதுகாப்பு ஊசியை எடுக்கவும் இறங்கியதும் திரும்பச் செருகவும் மறக்கக் கூடாது. அதற்குள் இருப்பது ராக்கெட். எந்த உயரத்துக்கு மேல் கைப்பிடியை இழுப்பேன் என்பதை ஒவ்வொரு முறையும் ஓடத் தொடங்கும் முன் வாய்விட்டுச் சொல்கிறேன்.

கடைசியாக, சொந்தமாக வாங்க நினைப்பவர்களுக்கு. 912 ஈயமில்லாப் பெட்ரோலுக்காகவே ஆனது. 100 குதிரைத்திறன் வகைக்கு 95 ஆக்டேன் வேண்டும். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலான 100எல்எல் ஊற்றினாலும் ஓடும், ஆனால் ஈயம் எண்ணெயிலும் கியர்பாக்ஸிலும் படிவதால் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். பறந்தாலும் பறக்காவிட்டாலும் ரப்பர் குழாய்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். பழைய விமானம் பார்க்கப் போனால், பறந்த மணிநேரத்தைக் கேட்பதற்கு முன் பராமரிப்புப் பதிவேட்டில் அந்தக் குழாய்களை மாற்றிய தேதியைத் தேடுங்கள்.